குச்சி தவறும் இடத்தில்தான் பாடம்: பிள்ளைகளுக்காக ஒரு கோலாட்டக் குழு நடத்த முழு வழிகாட்டி

பள்ளி ஆண்டுவிழா நடனம் எப்படித் தயாராகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். நன்றாக ஆடுகிற நாலு பேர் முன்வரிசை, சுமாராக ஆடுகிறவர்கள் பின்வரிசை, ஆடவே வராது என்று முடிவு கட்டப்பட்டவர்கள் நாற்காலி தூக்கப் போய்விடுவார்கள். ஒரு மாதம் ஒரே சினிமாப் பாட்டைத் தேயத் தேயப் போட்டு, மேடையில் நாலரை நிமிடம், கைதட்டல், வாடகை உடையைத் திருப்பிக் கொடுப்பது, அவ்வளவுதான். இதற்கப்புறம் யாராவது "நடனம் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை தரும், கூடிப் பழகச் சொல்லித்தரும்" என்று பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். முன்வரிசை நாலு பேருக்குத் தந்திருக்கலாம். நாற்காலி தூக்கியவனுக்கு என்ன தந்தது?

ஆனால் தரும். எந்த ஆட்டத்தை எடுக்கிறோம், தப்பு நடக்கும்போது என்ன செய்கிறோம், இந்த இரண்டையும் பொறுத்தது. சிவகங்கைப் பக்கம் ஒரு சிற்றூரில் மாலைநேரப் படிப்பகம் ஒன்றில் பதினொன்றிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு சில வருடங்களாகக் கும்மியும் கோலாட்டமும் ஆடிவருகிறேன். எனக்கு முறையான நடனப் பயிற்சி கிடையாது. உங்களுக்கும் தேவையில்லை. வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், பன்னிரண்டு வாரம், பதினாறு பிள்ளைகள். இதைக் கணக்காக வைத்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஆசிரியர், படிப்பகம் நடத்துபவர், குடியிருப்பில் நாலு பிள்ளைகளைச் சேர்த்து ஏதாவது செய்ய நினைப்பவர், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் கோலாட்டம்

தனியாக ஆட முடியாது என்பதால். எதிரில் ஒரு ஆள் இல்லாவிட்டால் குச்சி காற்றில்தான் போகும். அவர் எப்போது நீட்டுவார், எவ்வளவு வேகமாக அடிப்பார், இன்றைக்கு என்ன மனநிலையில் வந்திருக்கிறார், எல்லாவற்றையும் கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 'அடுத்தவர் நிலையைப் புரிந்துகொள்வது', 'கோபத்தை அடக்குவது' என்று வாழ்க்கைத் திறன் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடுகிற சமாச்சாரங்கள் இங்கே கையிலும் மணிக்கட்டிலும் நடக்கின்றன.

சேர்ந்து ஒரே தாளத்தில் அசைவதற்கு மனிதர்களை ஒட்டவைக்கிற குணம் உண்டு என்பது ஆய்விலும் பார்த்த விஷயம்தான். பிரேசிலில் மராஜோ தீவில் 264 பள்ளி மாணவர்களை ஆட வைத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே அசைவை ஒன்றாகச் செய்தவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு நெருக்கம் கூடியது, வலி தாங்கும் அளவும் கூடியது. வலியை எப்படி அளந்தார்கள் என்றால், ரத்த அழுத்தம் பார்க்கிற அந்தக் கைப்பட்டையை இறுக்கி! ஸ்வீடனில் இன்னொன்று: தலைவலி, மனச்சோர்வு, பதற்றம் என்று அடிக்கடி பள்ளிச் செவிலியரிடம் போய்வந்த பதின்ம வயதுப் பெண்கள் 112 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாரம் இரண்டு முறை, எட்டு மாதம் ஆட வைத்தார்கள். தங்கள் உடல்நலத்தைப் பற்றிய அவர்களுடைய சொந்த மதிப்பீடு மேலேறியது, வகுப்பு முடிந்து பல மாதம் கழித்தும் அது இறங்கவில்லை. அந்த வகுப்பில் முக்கியத்துவம் அசைவின் சந்தோஷத்துக்கு, ஆட்டத் திறமைக்கு இல்லை. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் 'பர்ஃபெக்‌ஷன்' பைத்தியம் பிடிக்கிற ஆறாவது வாரத்தில் உதவும்.

ஆட்டத்துக்கு முன்னால்: குச்சி, இடம், பெற்றோர்

குச்சி ஆளுக்கு இரண்டு. பிள்ளையின் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம் இருந்தால் போதும், ஏறக்குறைய ஒன்றேகால் அடி. பருமன் கட்டைவிரல் அளவு. நவராத்திரி சமயத்தில் கடையில் சாயம் பூசியது விற்பார்கள், பார்க்க அழகு, ஆனால் சீக்கிரம் பிளக்கும். நான் மாப் கட்டையை வாங்கி அறுத்து, முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்வேன். குச்சி பிடிக்கத் தொடங்கும் முதல் இரண்டு வாரத்துக்கு முக்கால் அங்குல பிவிசி குழாய்த் துண்டு இன்னும் நல்லது, விரலில் பட்டாலும் அவ்வளவாக வலிக்காது. ஒரே குறை, மரத்தில் வருகிற அந்த 'டக்' வராது, 'டொப்' என்றுதான் வரும்.

தரை வெறுங்காலுக்குச் சுடக் கூடாது. மண் தரையென்றால் தண்ணீர் தெளித்துவிட்டு ஆடுங்கள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம் பெற்றோர். இதை எல்லோரும் ஒரு சுற்றறிக்கையோடு முடித்துவிடுவார்கள், நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன், மூன்றாவது வாரத்தில் ஆறு பெண் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். வயசுக்கு வந்த பிள்ளை, பையன்களோடு ஆட்டமா என்பதுதான் விஷயம். நேரில் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் பாதி கதவு திறக்கும். குச்சி நடுவில் இருக்கிறது, கையைத் தொட்டு ஆடுகிற ஆட்டம் இல்லை என்று இரண்டு குச்சியை எடுத்துக் காட்டியே சொன்னேன். ஒரு அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "நாங்க முளைப்பாரிக்கு ஆடாத ஆட்டமா?" என்று அவரே என்னோடு நாலு தட்டு தட்டிக் காட்டினார். அடுத்த வகுப்புக்கு மகளோடு அவரும் வந்தார்.

பையன்கள் பக்கம் வேறு தொல்லை. "இது பொம்பளைங்க ஆட்டம் சார்." வாதாட வேண்டாம், விவரம் சொல்லுங்கள். தென்மாவட்டங்களில் கையில் துணியைப் பிடித்துக்கொண்டு, காலில் சலங்கை கட்டி ஆடுகிற ஒயிலாட்டம் ஆண்கள் ஆட்டமாகவே இருந்தது. கொங்குப் பகுதியின் வள்ளி ஒயில் கும்மியும் அப்படித்தான், கோவை பத்திரப்பன் அதில் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார், 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கும்மி என்று பேரைக் கேட்டதும் பெண்கள் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்த பையன்கள் இதைக் கேட்டு விழிப்பார்கள். அந்த விழிப்பு போதும், குச்சியைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம்: வெறும் நடை

குச்சி கிடையாது, பாட்டும் கிடையாது. "எப்ப சார் ஆடுவோம்" என்று நச்சரிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்கள் நாலு எண்ணிக்கையில் கைதட்ட, அவர்கள் இடம் முழுக்கப் பரவி நடக்க வேண்டும். விதி ஒன்றுதான்: எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே போ. முதல் நாள் கட்டாயம் மூன்று நாலு கூட்டமாகத்தான் நடப்பார்கள், சிநேகிதக் கூட்டம். அதை எதுவும் சொல்லாமல் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வகுப்பின் வரைபடமே அதுதான். யார் தனியாகச் சுவரை ஒட்டி நடக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

நடை பழகியதும் கைதட்டலை நிறுத்துங்கள். இனி யாரும் சொல்லாமல் யாராவது ஒருவர் நிற்க, அதைக் கடைக்கண்ணால் பார்த்து எல்லோரும் நிற்க வேண்டும், அப்புறம் யாராவது ஒருவர் கிளம்ப எல்லோரும் கிளம்ப வேண்டும். முதலில் பத்து விநாடி ஆகும் எல்லோரும் நிற்க. நாலாவது வகுப்பில் ஒரு விநாடிக்குள் மொத்தப் பதினாறு பேரும் சிலை மாதிரி நிற்பார்கள், நின்றுவிட்டு அவர்களே அசந்துபோய்ச் சிரிப்பார்கள். இதில் ஒரு அதிசயம், யார் நின்றாலும் மற்றவர்கள் நிற்கிறார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை நின்றாலும்தான்.

இன்னொரு பயிற்சி: 'இன்றைக்கு நான் வந்த நடை.' ஒவ்வொருவரும் இன்று எந்த மனநிலையில் வந்தார்களோ அதை எட்டு அடி நடந்து காட்ட, மற்றவர்கள் பின்னால் அதே மாதிரி நடக்க வேண்டும். பேச்சு கிடையாது. "ஏன் இப்படி நடந்தே?" என்று நீங்களும் கேட்கக் கூடாது. ஏழாவது படிக்கும் ஒரு பெண் ஒரு நாள் வலது தோளைத் தூக்கி, கழுத்தை ஒடுக்கி, குதிகாலைத் தரையில் படவிடாமல் நடந்தாள். பதினைந்து பேரும் அதே மாதிரி அவள் பின்னால் நடந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் அவளாகச் சொல்லி. 'கவலை', 'எரிச்சல்', 'பயம்' என்று சொற்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிள்ளைகள் "நல்லாயிருக்கேன் சார்" என்றுதான் சொல்வார்கள். உடம்பு அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது.

மூன்றாவது வாரம்: கும்மி

வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து கைகொட்டுவது. இதற்கு வீட்டுப்பாடம் உண்டு: வீட்டிலோ தெருவிலோ இருக்கிற ஒரு பாட்டியிடமோ அத்தையிடமோ ஒரு கும்மிப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். நாலு வரி போதும். முளைப்பாரிக் கும்மி இன்னும் உயிரோடு இருக்கிற பகுதி என்பதால் எங்களுக்குப் பாட்டு குவிந்தது. நகரத்தில் இருப்பவர்களுக்குச் சிரமம், ஆனால் முயன்று பாருங்கள், பாட்டிகள் கைப்பேசியில் அனுப்பிவைப்பார்கள். பேச்சே வராத பாட்டி–பேத்திக்கு நடுவில் அரை மணி நேரப் பேச்சு நடக்கும், அது இனாம்.

ஸ்பீக்கரில் பாட்டுப் போடாதீர்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதம். ஸ்பீக்கர் யாருக்காகவும் நிற்காது, ஒரு பிள்ளை கால் பிசகினால் அவளை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பாடுகிற ஆள் வேகத்தைக் குறைப்பார், திரும்ப முதல் வரிக்கு வருவார். பாட வராது என்றால் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத் தட்டுங்கள், அதுவும் பிள்ளைகள் முறை வைத்துத் தட்டட்டும்.

நாலு, ஐந்து: குச்சி கைக்கு வருகிறது

குச்சியை அடியிலிருந்து கால் பங்கு விட்டுப் பிடிக்க வேண்டும், கட்டைவிரல் குச்சியின் மேல் படிந்திருக்கட்டும், மணிக்கட்டு தளர்வாக. முதலில் தன் குச்சிகளையே ஒன்றோடொன்று தட்டட்டும், கீழே ஒன்று, மேலே ஒன்று. அது கைக்கு வந்த பிறகு எதிரெதிராக நிற்க வையுங்கள். ஆரம்ப அடி இது: ஒன்றுக்குத் தன் குச்சிகள், இரண்டுக்கு எதிராளியின் வலது குச்சி, மூன்றுக்கு மறுபடி தன் குச்சிகள், நாலுக்கு எதிராளியின் இடது. நாலும் திரும்பத் திரும்ப. வாயால் எண்ணிக்கொண்டே அடிக்கட்டும்.

தவறும். கண்டிப்பாகத் தவறும், முதல் நாள் நாலு தட்டில் ஒன்று தவறும். இந்த முழு வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயம்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: குச்சி தவறினால் "மறுபடி" என்று சொல்ல வேண்டியவர், தவறவிடாதவர். தவறவிட்டவர் மன்னிப்புக் கேட்கக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது. எதிரில் இருப்பவர் "மறுபடி" என்பார், இருவரும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். அவ்வளவுதான் விதி. தவறவிட்ட பிள்ளை தலை குனிவதற்குள் எதிரிலிருந்து அந்தச் சொல் வந்துவிடும். இரண்டு வாரத்தில் இந்தச் சொல் ஆட்டத்தை விட்டு வெளியே போவதைப் பார்ப்பீர்கள், கணக்கில் தப்பு விட்டவனைப் பார்த்துப் பக்கத்துப் பையன் "மறுபடி" என்பான்.

சரி, கோபம். குச்சி கையில் இருக்கும்போது கோபம் உடனே தெரிந்துவிடும். எதிராளியின் கை அதிராத அளவுக்குத்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். எட்டாவது படிக்கும் ஒரு பையன், பள்ளியில் ஏதோ சண்டை போட்டுவிட்டு வந்தவன், ஓங்கி அடித்து எதிரில் இருந்தவன் குச்சியை இரண்டாகப் பிளந்துவிட்டான். நான் எல்லோர் முன்னாலும் திட்டி வெளியே அனுப்பினேன். தப்பு என்னுடையது. இரண்டு வாரம் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு வந்து, கையில் குச்சிக்குப் பதில் வாளியைக் கொடுத்தேன், தாளம் உன்னுடையது என்று. வாளியில் ஓங்கி அடிக்கலாம், யாருக்கும் வலிக்காது, ஆனால் வேகம் கூடினால் பதினைந்து பேர் தடுமாறுவார்கள் என்பது அவன் கண்ணுக்கு எதிரிலேயே தெரியும். மூன்றாவது நாள் தானாகவே நிதானத்துக்கு வந்தான். இப்போதெல்லாம் யாராவது முகம் சிவந்து வந்தால் நானே அவர்களிடம் வாளியை நகர்த்திவிடுகிறேன்.

ஆறாவது வாரம்: ஜோடி மாற்றம்

இரண்டு வளையம். எட்டுப் பேர் உள்ளே வெளிப்பக்கம் பார்த்து, எட்டுப் பேர் வெளியே உள்பக்கம் பார்த்து. பதினாறு எண்ணிக்கைக்கு ஒருமுறை வெளிவளையம் ஓர் இடம் வலதுபக்கம் நகர வேண்டும். எட்டு நகர்வில் பழைய ஜோடியிடமே திரும்பி வந்துவிடலாம். ஒரே வளையத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவே மாட்டார்கள் என்பதைக் கவனியுங்கள், அதனால் அடுத்த வகுப்பில் இரு வளையத்திலும் பாதிப் பாதிப் பேரை மாற்றிவிடுங்கள்.

முதல் வாரம் நடையில் பார்த்தோமே அந்தக் கூட்டங்கள், அவை இங்கேதான் உடையும், அல்லது முறைத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் தெரு என்றால் வெறும் தெரு இல்லை, அதற்குள் சாதி இருக்கிறது. ஒரு பெண் குறிப்பிட்ட ஒரு பையன் முன்னால் வரும்போது மட்டும் குச்சியை நீட்டாமல் காற்றில் ஆட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். சத்தம் காட்டிக்கொடுத்துவிடும், பதினாறு பேர் அடிக்கிற இடத்தில் ஒரு ஜோடி விட்டுப்போனால் காதில் ஓட்டை விழுந்த மாதிரி கேட்கும். நான் நிறுத்தவில்லை, அவளைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. "சத்தம் எங்கேயோ விட்டுப்போகுது, எங்கேன்னு கண்டுபிடிங்க" என்று மட்டும் எல்லோரிடமும் சொன்னேன். மூன்று சுற்றில் சத்தம் நிறைந்துவிட்டது. அவள் மனதில் என்ன மாறியது என்று எனக்குத் தெரியாது, மாறாமலேகூட இருக்கலாம். ஆனால் அந்த நாள் முதல் அந்தக் குச்சி நீண்டது.

ஆணும் பெண்ணும் எதிரெதிர் வரும்போது பதின்மூன்று வயதில் வருகிற கூச்சத்துக்கும் கோலாட்டக் குச்சியைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. ஒன்றேகால் அடி இடைவெளி எப்போதும் இருக்கிறது, கையைத் தொட வேண்டாம், ஆனால் கண்ணைப் பார்க்காமல் முடியாது.

ஏழு, எட்டு: அவர்களே அடி கட்டட்டும்

நாலு பேர் கொண்ட நாலு குழு. ஒவ்வொரு குழுவும் எட்டு எண்ணிக்கைக்கு ஒரு புது அடி கட்ட வேண்டும். சண்டை வரும். நல்லது. இங்கே ஒரு விதி போட்டுவிடுங்கள்: ஆடிப் பார்க்காமல் எதையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. யார் என்ன யோசனை சொன்னாலும் நாலு பேரும் முழுசாக ஒருமுறை ஆடிவிட்டுத்தான் பேச்சு. பாதி யோசனை ஆடும்போதே தானாக விழுந்துவிடும், சொன்னவருக்கே தெரியும், யாரும் யாரையும் மட்டம் தட்ட வேண்டியதில்லை. சத்தமாகப் பேசுகிற பிள்ளைதான் எப்போதும் ஜெயிப்பது என்கிற வழக்கமும் இதில் கொஞ்சம் அடங்கும். நீங்கள் நடுவர் வேலை பார்க்காதீர்கள், கைகட்டிக்கொண்டு நிற்பது இந்த இரண்டு வாரம் மகா கஷ்டம்.

ஒன்பதிலிருந்து பதினொன்று: பின்னல் கோலாட்டம்

மேலே ஓர் இடத்திலிருந்து எட்டுக் கயிறு தொங்கும், ஆளுக்கொரு கயிறு, ஆட ஆட அது சடை மாதிரி பின்னிக்கொண்டு வரும், அப்புறம் ஆடியே பிரிக்க வேண்டும். பன்னிரண்டு அடி உயரத்தில் உறுதியான கொக்கியோ மரக்கிளையோ பாருங்கள், கயிறு பதினைந்து அடியாவது இருக்கட்டும். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து முறுக்கிக்கொண்டால் கை அறுக்காது. நாலு நாலாக இரண்டு நிறம் இருப்பது அவசியம், சிக்கினால் யார் என்று இல்லை, எங்கே என்று பார்க்க. முதல் இரண்டு வகுப்பு குச்சியே வேண்டாம், கயிறு மட்டும் பிடித்து நடக்கட்டும். மீதி எட்டுப் பேர் பாட்டும் தாளமும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்று விட்டு ஒருவர் என்று நாலு பேர் வலமாக, நாலு பேர் இடமாக. எதிரில் வருகிறவரை முதலில் உள்பக்கமாகக் கடக்க வேண்டும், அடுத்து வருகிறவரை வெளிப்பக்கமாக, உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. வலமாகப் போகிறவர்கள் 'உள்ளே' என்று தொடங்கினால் இடமாகப் போகிறவர்கள் 'வெளியே' என்று தொடங்க வேண்டும். பிரிக்கும்போது அப்படியே திரும்பி நின்று, கடைசியாக யார் உள்ளே போனார்களோ அவர்களே முதலில் உள்ளே போய்ப் பின்னோக்கி அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும்.

ஒருவர் ஒரு தரம் உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போய்விட்டால் முடிந்தது. பின்னல் அங்கேயே கோணிக்கொள்ளும். இழுத்தால் இறுகும். தப்பு செய்தவர் ஒருவராக அதைச் சரிசெய்யவும் முடியாது, எட்டுப் பேரும் நின்று, அந்த இடம்வரை ஒவ்வோர் அடியாகத் திரும்பி நடக்க வேண்டும். முதல் தடவை சிக்கியபோது எங்கள் பிள்ளைகள் பத்து நிமிடம் "நீதான்", "நீதான்" என்று கத்தினார்கள். நான் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு பெண், அதிகம் பேசாதவள்தான், "யாருன்னு தெரிஞ்சு என்ன, சிவப்புக் கயிறு ரெண்டு பக்கத்துப் பக்கத்துல இருக்கு பாருங்க, அங்கிருந்து பிரிப்போம்" என்றாள். பிரித்தார்கள். மூன்றாவது தடவை சிக்கியபோது கத்தல் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

பறை கற்றுத்தர ஆள் கிடைத்தால்

கோலாட்டத்தின் தாளத்துக்கு வாளி போதும், ஆனால் பக்கத்தில் ஒரு பறை ஆசான் இருந்தால் கட்டாயம் கூப்பிடுங்கள், கூப்பிட்டால் காசு கொடுங்கள், சாப்பாடும் பயணப்படியும் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். பறையைக் கையில் வாங்குவது எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோல் இல்லை. "அது சாவு மேளம்" என்று ஒருவன் தள்ளி நிற்பான், இன்னொருவன் தன் தாத்தா அடிப்பவர் என்பதை யாருக்கும் சொல்லாமல் நிற்பான். இரண்டாமவன் கையில் சும்மா கொடுத்துவிடாதீர்கள், ஊரே பார்க்க அவனைச் சுட்டிக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும், அவனாக வரட்டும். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் முப்பது வருடத்துக்கும் மேலாகப் பறையைத் தங்கள் மானத்தின் அடையாளமாக அடித்து ஆடிவருகிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கள் படிப்பகத்துக்கு ஒரு பறை ஆசான் வந்த அன்று வைக்கோல் கொளுத்தி அந்தச் சூட்டில் பறையைக் காய்ச்சித் தோலை இறுக்கியபோது தள்ளி நின்றவனும் நெருப்புப் பக்கம் வந்துவிட்டான், பதிமூன்று வயதில் நெருப்பைப் பார்த்து விலகி நிற்கிற பையன் உண்டா!

ஒவ்வொரு வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம்

வட்டமாக உட்கார்ந்து கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. இன்றைக்கு எந்த இடத்தில் தடுமாறினாய்? யார் உன்னைத் தூக்கிவிட்டார்? பேசாதவர்களை விட்டுவிடுங்கள். பதிலுக்கு மேல் நீங்கள் அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் அடுத்த வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஆசிரியர்களுக்கு இது பெரிய சோதனை, தெரியும்.

ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் வேண்டாம். யார் யாரோடு நின்றார், தவறியபோது என்ன செய்தார், யாரைப் பார்த்து ஆடினார், இவ்வளவுதான். முதல் வாரத்தையும் பத்தாவது வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் மாற்றம் உங்களுக்கே தெரியும். சிலரிடம் ஒன்றும் தெரியாது, அதையும் அப்படியே எழுதி வையுங்கள்.

ஆட மறுக்கும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், எண்ணுவது, வாளி, கயிறு சுற்றிவைப்பது என்று வேலை நிறைய இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு இரு வளைய ஆட்டம் சுலபம், உள்வளையத்தில் இடம் கொடுத்தால் நகரவே வேண்டாம். காது கேளாத பிள்ளையைப் பறைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள், அதிர்வு நெஞ்சில் தெரியும், குச்சித் தட்டு கையில் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஆட்டம் வைத்தியம் இல்லை. பல நாள் தூங்காத, சாப்பிடாத, தன்னையே காயப்படுத்திக்கொள்கிற, வீட்டில் அடியோ வேறு தொந்தரவோ இருப்பதாகச் சொல்கிற பிள்ளைக்கு உங்கள் கோலாட்டம் போதாது. குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இரண்டையும் படிப்பகச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள், யார் குறித்துக்கொள்கிறார்கள் என்று பார்க்காதீர்கள்.

பன்னிரண்டாவது வாரம்: காட்டுவது

மேடை வேண்டாம். மேடை வந்தால் முன்வரிசை வந்துவிடும். தரையில் நடுவில் ஆட்டம், சுற்றிலும் பெற்றோர், வட்டத்துக்கு ஏது முன்வரிசை? உடை அவரவர் வீட்டில் இருப்பது. எங்களிடம் பின்னல் பாதியில் சிக்கியது, அத்தனை பேர் பார்க்க. பிள்ளைகள் நின்றார்கள், யாரோ ஒருவர் "மறுபடி" என்றார், எட்டுப் பேரும் நாலு அடி பின்னால் நடந்து, பிரித்து, அங்கிருந்து தொடர்ந்தார்கள். ஆட்டத்தில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துப் பின்னால் உட்கார்ந்திருந்த தாத்தா ஒருவர் கைதட்டினார்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்குப் போகலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். போகட்டும், ஆனால் முதல் வருடம் வேண்டாம், போட்டி என்று வந்ததும் "மறுபடி" என்கிற சொல் "ஏன்டா விட்டே" என்று மாறிவிடும். இரண்டாம் வருடம் அவர்களே முடிவு செய்யட்டும், யாரை விட்டுவிட்டுப் போவது என்கிற கேள்வி வரும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

கயிறுகளை அலசிக் காயவைத்து நிறம்வாரியாகச் சுற்றிவையுங்கள். குச்சியில் பதினாறு ஜோடிக்கு மேல் நாலு ஜோடி கூடுதலாக அறுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடமும் உடையும்.